டிவி விவாதத்தை அணைத்தாச்சு, இனி எந்த வானொலி?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் வாசகர் எழுதியிருந்தார்: "கைதான் வேலை செய்யுது, காது சும்மா இருக்கு. டிவி விவாதம் பார்த்துத் தலைவலிதான் மிச்சம். அரசியல், பொருளாதாரம், வெளிநாட்டு விஷயம் மூணும் புரியணும். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க முடியும். எதைக் கேட்கலாம் அண்ணா?" ஏறக்குறைய இதே கேள்வியைப் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஒரு பெண்ணும், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் கேட்டிருக்கிறார்கள். மூவருக்கும் ஒரே பதில் பொருந்தாது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைக் கழித்துவிடலாம். கையில் இருக்கும் தனியார் எஃப்எம் இதற்கு உதவாது. இந்தியாவில் தனியார் எஃப்எம் நிலையங்கள் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்பக் கூடாது. ஆல் இந்தியா ரேடியோவின் செய்தியை ஒரு வார்த்தை மாற்றாமல் அப்படியே போட மட்டும் அனுமதி உண்டு. டிராஃபிக், வானிலை, தேர்வு முடிவு, விளையாட்டு எல்லாம் "செய்தி அல்ல" என்ற கணக்கில் வருவதால் அவற்றைப் பேசலாம். காற்றலை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. மணிக்குப் பத்து நிமிடம் செய்திக்கு அனுமதிக்கலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023-ல் பரிந்துரைத்தது. சமுதாய வானொலிக்கும் இதே கட்டுப்பாடுதான். ஆக, இந்த நாட்டில் டிவி கத்தலாம், யூடியூப் கத்தலாம், எஃப்எம் மட்டும் பாட்டுப் போட வேண்டும்!

மிச்சம் இருப்பவை நான்கு: ஆல் இந்தியா ரேடியோ, பிபிசி, அமெரிக்கப் பொது வானொலி, கடல் கடந்த தமிழ் வானொலிகள்.

## எதை வைத்து அளப்பது

குரல் நன்றாக இருக்கிறதா, தொகுப்பாளர் பிடித்திருக்கிறாரா என்பதெல்லாம் அப்புறம். நான் பார்ப்பது நான்கு விஷயம்.

யார் காசு? இதுதான் முதல் கேள்வி. ஒரு வானொலி எதைச் சொல்கிறது என்பதை விட எதைச் சொல்லாமல் விடுகிறது என்பது சம்பளம் கொடுப்பவரைப் பொறுத்தது. எந்த நிலையமும் தன் எஜமானனுக்குத் தொலைவில் இருக்கும் விஷயத்தைத்தான் நன்றாகப் பேசும். கிட்டே வர வர நாக்கு தடுக்கும். பல வருடம் கேட்டபின் எனக்குத் தேறிய ஒரே பாடம் இது.

ஒருவரை எவ்வளவு நேரம் பேச விடுகிறார்கள்? எட்டு ஜன்னலில் எட்டு முகம் வந்தால் ஒருவருக்கும் ஒரு வாக்கியம் முடியாது. வானொலியில் மூன்று பேருக்கு மேல் சேர்ந்து பேசினால் யார் குரல் எது என்றே தெரியாது. அந்தக் குறைதான் அதைக் காப்பாற்றுகிறது.

மொழி. ஆங்கிலம் தெரியும் என்பது வேறு, கை வேலையாக இருக்கும்போது காதால் ஆங்கிலம் பிடிபடுவது வேறு. இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள்.

கடைசியாக, அது நம் ஊரைத் தொடுகிறதா?

அளவுகோலைச் சும்மா வைத்திருக்காமல் ஒரு சரக்கைப் போட்டு அளந்து பார்ப்போம். 2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீதான கூடுதல் வரியை 50 சதவீதமாக்கியது. ஏற்கெனவே போட்ட 25, ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்காக இன்னொரு 25. கேள்வி கேட்டவரின் மேஜை மேல் இருக்கும் டி-ஷர்ட்டை நேராகத் தொட்ட விஷயம். அரசியல், பொருளாதாரம், உலக விவகாரம் மூன்றும் அதில் இருக்கிறது. அதை ஒவ்வொரு வானொலியும் எப்படிக் கையாளும்?

## ஆல் இந்தியா ரேடியோ

2023 மே மாதத்தில் வந்த உத்தரவின்படி அது இனி ஆகாசவாணி மட்டும்தான். என் வாய்க்கு இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. எங்கள் வீட்டில் காலை ஏழேகால் தமிழ்ச் செய்தி ஓடாமல் இட்லிப் பானை இறங்காது. "செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயண்சுவாமி" என்று கேட்டதும் அப்பா கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பார். டெல்லியிலிருந்து வந்த அந்தக் குரல் 2022-ல் மறைந்தது. ஆனால் அந்தத் தோரணை, அதாவது அவசரப்படாமல், யாரையும் திட்டாமல் வாசிப்பது, இன்னும் அங்கே மிச்சம் இருக்கிறது.

செய்தியோடு நிறுத்திவிடாதீர்கள். விவாத நிகழ்ச்சிகளும் உண்டு. இரவு 9 மணி ஆங்கிலச் செய்தியை ஒட்டி வரும் 'ஸ்பாட்லைட்' ஒரே தலைப்பை எடுத்து, ஒரு நிபுணரையோ இருவரையோ வைத்துப் பேசும். நாடாளுமன்றம் நடக்கும் நாட்களில் 'டுடே இன் பார்லிமென்ட்' அன்றைய அவை நடவடிக்கையைச் சுருக்கித் தரும். எந்த மசோதா எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள இதைவிட மலிவான வழி இல்லை. தேர்வுக்குப் படிப்பவர்கள் இதை விடவே கூடாது.

வரி விஷயத்துக்கு வருவோம். 2025 ஆகஸ்டில் மத்திய அரசு பருத்தி மீதான 11 சதவீத இறக்குமதி வரியைத் தற்காலிகமாக நீக்கியது. முதலில் செப்டம்பர் கடைசி வரை என்றார்கள், பிறகு டிசம்பர் கடைசி வரை நீட்டித்தார்கள். தேதி, சதவீதம், யாருக்குப் பொருந்தும் என்ற இந்த மாதிரித் தகவல்களில் ஆல் இந்தியா ரேடியோவை நான் கண்ணை மூடிக்கொண்டு நம்புவேன். நூல் விலையோடு மல்லுக்கட்டும் ஊருக்கு, உலக அரசியலை விட இந்த ஒரு வரிதான் அன்றைக்குத் தேவை.

ஆனால் "பேச்சுவார்த்தையில் நாம் எங்கே சறுக்கினோம்?" என்று அங்கே யாரும் கேட்கமாட்டார்கள். நிபுணர் வருவார், சவால்களை ஒத்துக்கொள்வார், கடைசி இரண்டு நிமிடத்தில் வாய்ப்புகளுக்கு வந்துவிடுவார். ஒரு வாரம் கேட்டால் இந்த மெட்டு காதில் பதிந்துவிடும். ஆல் இந்தியா ரேடியோவை நடத்தும் பிரசார் பாரதி 1997-லிருந்து தன்னாட்சி அமைப்பு என்கிறது சட்டம். நெருக்கடி நிலைக் காலத்தில் "ஆல் இந்திரா ரேடியோ" என்று மக்கள் கிண்டலடித்தார்களே, அதிலிருந்து மீள வந்த சட்டம் அது. பெயர் மாறியது, ஆள் மாறியது, தயக்கம் போகவில்லை. எந்தக் கட்சி ஆண்டாலும் இதுதான் கதை.

மறைமுகச் செலவு என்றால், இதை மட்டும் கேட்பவருக்கு நாட்டில் எல்லாம் ஒழுங்காக நடப்பதாகத் தோன்றிவிடும். கூடவே தமிழில் விவாதம் மெலிவு. கனமான நிகழ்ச்சிகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான்.

லாபம் ஒன்றையும் சொல்ல வேண்டும். சென்னை 720, திருச்சி 936 என்று மத்திய அலையில் திருப்பினால் போதும், டேட்டா வேண்டாம், டவர் வேண்டாம். புயல் நாளில் இதன் அருமை தெரியும்.

## பிபிசி

தமிழருக்கு பிபிசி என்றால் அதன் தமிழ் ஒலிபரப்பான தமிழோசைதான். 1941-ல் தொடங்கியது. சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரலில் நின்றது. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பேட்டரியும் உள்ளே வர விடவில்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் வானொலியை ஓடவிட்டு ஊரே சுற்றி உட்கார்ந்து கேட்டது. சுற்றுபவர் களைத்தால் குரல் இழுபடும், அடுத்தவர் பிடித்துக்கொள்வார். ஒரு செய்தி நிலையத்துக்கு இதைவிடப் பெரிய நற்சான்று கிடைக்காது.

இந்தியாவிலும் அப்படி ஒரு நாள் உண்டு. 1984 அக்டோபர் 31 காலை இந்திரா காந்தி சுடப்பட்டார். ஆல் இந்தியா ரேடியோ மாலையில்தான் மரணத்தை அறிவித்தது. பிபிசி அதற்கு வெகுநேரம் முன்பே சொல்லிவிட்டது. மேற்கு வங்கச் சுற்றுப்பயணத்தில் இருந்த ராஜீவ் காந்தியே டிரான்சிஸ்டரில் பிபிசியைத்தான் கேட்டார். எஜமானனின் வீட்டுக்குள் நடந்ததை வேலைக்காரன் சொல்ல முடியவில்லை, அடுத்த ஊர்க்காரன் சொன்னான். மேலே நான் சொன்ன முதல் அளவுகோல் இதுதான்.

இப்போது பிபிசி தமிழ் என்பது பெரும்பாலும் எழுத்தும் வீடியோவும். காதுக்கு வேண்டுமென்றால் ஆங்கில உலகச் சேவைதான். அதில் நான் சிபாரிசு செய்வது செய்தி நேரத்தை அல்ல, மூன்று நிகழ்ச்சிகளை. 'தி இன்கொயரி': ஒரு கேள்வி, நான்கு நிபுணர்கள், ஒருவர் பின் ஒருவராக, யாரும் யாரையும் வெட்டமாட்டார்கள். 'பிஸினஸ் டெய்லி': அரை மணிக்கும் குறைவு, ஒரே பொருள். 'மோர் ஆர் லெஸ்': அரசியல்வாதிகள் அள்ளிவிடும் எண்களை எடுத்து, கணக்கு சரியா என்று பார்ப்பார்கள். இது ஒன்றைத் தமிழில் யாராவது செய்தால் தேர்தல் சமயத்தில் நானே ஊர் ஊராகப் போய் விளம்பரம் செய்வேன்.

1948-ல் தொடங்கி இப்போது பிரிட்டனின் உள்நாட்டு நிலையமான ரேடியோ 4-ல் நடக்கும் 'எனி க்வெஸ்சன்ஸ்?' நிகழ்ச்சியையும் ஒரு தரமாவது கேளுங்கள். ஏதோ ஓர் ஊரின் பள்ளிக்கூடத்திலோ மண்டபத்திலோ மக்கள் கூடுவார்கள். கேள்வி அவர்களுடையது. எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் ஒரே மேஜையில் இருப்பார்கள். அவர்களும் சண்டை போடுவார்கள்தான். ஆனால் கேட்டவர் முன்னாலேயே உட்கார்ந்திருப்பதால் பதில் சொல்லாமல் நழுவினால் கூட்டம் சிரித்துவிடும்.

வரி விஷயத்தில் பிபிசியின் பலம், வாஷிங்டனிலும் டெல்லியிலும் மாஸ்கோவிலும் ஆள் இருப்பது. ரஷ்ய எண்ணெய்க்கும் பனியனுக்கும் என்ன முடிச்சு என்பது அங்கே அவிழும். திருப்பூர் என்ற பெயர் வந்தால் வரும், வந்தாலும் ஒரு நிமிடம்.

அதற்கும் எஜமானன் உண்டு. 2014-லிருந்து உலகச் சேவையின் செலவில் பெரும்பகுதி பிரிட்டிஷ் மக்கள் கட்டும் உரிமக் கட்டணம், கூடவே பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையின் மானியம். ஏகாதிபத்தியக் காலத்துப் பார்வை போய்விட்டது என்று அவர்கள் நினைக்கிறார்கள். எனக்கு அவ்வளவு நிச்சயம் இல்லை. இந்தியா அங்கே அடிக்கடி மூன்று தலைப்பாகத்தான் வரும்: மதம், தேர்தல், வெள்ளம். இன்னொன்று, காசு குறைகிறது. 2022-ல் தமிழ் உட்படப் பத்து மொழிகளில் வானொலியை நிறுத்துவதாக அறிவித்தார்கள். 85 வருடம் ஓடிய அரபு வானொலியே 2023 ஜனவரியில் மூடப்பட்டது. பழகிய நிகழ்ச்சி நாளைக்கு இருக்கும் என்று உறுதி இல்லை. 'பிபிசி சவுண்ட்ஸ்' செயலியும் 2025 ஜூலையோடு வெளிநாட்டாருக்கு இல்லை. பிபிசியின் பொதுச் செயலியில் உலகச் சேவையும் ரேடியோ 4-ம் கிடைக்கின்றன.

## அமெரிக்கப் பொது வானொலி

பொருளாதாரம் மட்டும் புரிந்தால் போதும் என்பவருக்கு நான் கை காட்டுவது இங்கேதான். 'மார்க்கெட்ப்ளேஸ்' 1989-லிருந்து வருகிறது. பங்குச்சந்தை நிலவரம் சொல்லும்போது சந்தை ஏறியிருந்தால் பின்னணியில் ஓர் உற்சாக இசை, இறங்கியிருந்தால் சோக இசை. எண்ணைக் கேட்கும் முன்பே அன்றைய நாள் எப்படி என்று தெரிந்துவிடும். சின்ன விஷயம்தான், ஆனால் வானொலியை அறிந்தவன் செய்த வேலை.

அமெரிக்கப் பொது வானொலி நிறுவனமான என்பிஆரின் 'ப்ளேனட் மனி', 2008 நிதி நெருக்கடி சமயத்தில் பிறந்தது. 2013-ல் அவர்கள் ஒரு டி-ஷர்ட்டைத் தாங்களே தயாரித்து அதன் பின்னாலேயே போனார்கள். பருத்தி அமெரிக்காவின் மிசிசிப்பியில், நூல் இந்தோனேசியாவில், தையல் ஆண்களுக்கானது வங்கதேசத்தில், பெண்களுக்கானது கொலம்பியாவில். உலக வர்த்தகம் என்றால் என்ன என்று நூறு பேராசிரியர்கள் சொல்லிப் புரியாதது அந்தத் தொடரில் புரியும். திருப்பூர்க்காரருக்கு அதைக் கேட்க ஆங்கிலம்கூட அதிகம் வேண்டாம், பாதி அவருடைய தொழில்.

வரி பற்றி இவர்கள் எடுத்ததும் தொடுவது ஒரு அடிப்படை உண்மையை: வரியைக் கட்டுவது இந்தியா அல்ல, அமெரிக்கத் துறைமுகத்தில் சரக்கை இறக்கும் அமெரிக்கக் கம்பெனி. அந்தச் சுமையில் எவ்வளவை அது தானே தாங்கும், எவ்வளவைக் கடையில் விலையாக ஏற்றும், எவ்வளவை "ரேட்டைக் குறை" என்று நம் தலையில் கட்டும் என்பதுதான் விஷயமே. இந்தப் பேரத்தை அந்தப் பக்கத்திலிருந்து கேட்பது ஏற்றுமதி ஊர்க்காரருக்குக் கிடைக்காத வாய்ப்பு. நம் சரக்கை வாங்கும் பையர் உட்கார்ந்திருக்கும் அறைக்கு வெளியே காதை வைத்துக் கேட்பது மாதிரி.

குறை என்ன? அவர்களுக்கு உலகம் என்றால் அமெரிக்கா, அதைச் சுற்றிக் கொஞ்சம் இடம். நகைச்சுவையில் பாதி அவர்கள் ஊர் விளம்பரமும் பேஸ்பாலும் தெரிந்தால்தான் புரியும். இடையிடையே புரவலர் அறிவிப்பு. காசு நேயர் நன்கொடையிலிருந்தும் புரவலர்களிடமிருந்தும் வருவதால், நன்கொடை தரும் படித்த நகரத்து நடுத்தர வர்க்கத்தின் ருசிக்குப் பேச்சு சாய்ந்துவிடும். 2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம் பொது ஒலிபரப்புக்கான சுமார் 110 கோடி டாலரை ரத்து செய்தது. சிறிய ஊர் நிலையங்களுக்குத்தான் பெரிய அடி. அரசாங்கத்தையே திட்ட முடிந்த வானொலி, அதனால் அரசாங்கத்திடம் அடி வாங்கியது.

மொழிச் சிக்கலுக்கு வழி உண்டு. இவை எல்லாம் பாட்காஸ்டாகக் கிடைக்கின்றன. பல நிகழ்ச்சிகளுக்கு எழுத்து வடிவமும் அவர்கள் தளத்திலேயே இருக்கிறது. முதல் மாதம் வேகத்தை 0.8-க்குக் குறைத்து, புரியாத இடத்தில் எழுத்தைப் பாருங்கள். தேர்வுக்குப் படிக்கும் பெண்ணுக்கு ஆங்கிலமும் கூடவே வரும். டேட்டா பயம் வேண்டாம். சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 30 எம்பி போல, நல்ல தரத்தில் 60. வீட்டு வைஃபையில் இறக்கிக்கொண்டால் அதுவும் இல்லை.

## கடல் கடந்த தமிழ் வானொலிகள்

ஆங்கிலம் வேண்டாம், தமிழில்தான் வேண்டும் என்கிறார் ஆசிரியர். நியாயம். ஆஸ்திரேலியாவின் எஸ்பிஎஸ் தமிழ், சிங்கப்பூரின் ஒலி 96.8, மலேசியாவின் மின்னல் எஃப்எம், இலங்கையின் அரசு, தனியார் தமிழ் நிலையங்கள் எல்லாமே இணையத்தில் கிடைக்கின்றன. இங்கே எஃப்எம்முக்கு இல்லாத செய்தி உரிமை அங்கே உண்டு.

எனக்குப் பிடித்த விஷயம் சொல்வளம். இலங்கை 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. அந்த மாதங்களில் அந்நியச் செலாவணி, கடன் மறுசீரமைப்பு, பணவீக்கம் எல்லாம் அங்கே பாடப்புத்தகச் சொற்களாக இல்லாமல், எரிவாயு சிலிண்டர் வரிசையில் நிற்பவரின் வாயிலிருந்து வந்தன. பொருளாதாரத்தைத் தமிழில் இயல்பாகப் பேச முடியும் என்பதற்கு அத்தாட்சி அது. ஆனால் இவை எல்லாம் அந்தந்த நாட்டுத் தமிழருக்காக நடப்பவை. மெல்பர்ன் வீட்டுவாடகை பற்றிய அருமையான அலசல் மன்னார்குடிக்கு எதற்கு? வரி விஷயத்திலும் இலங்கையின் ஆடைத் தொழில் என்ன ஆனது என்ற ஒப்பீடு கிடைக்கும், நம் கதை கிடைக்காது.

## ஒரே பார்வையில்

| | யார் காசு | எதற்குக் கேட்கலாம் | எங்கே மௌனம் | என்ன தேவை |
|---|---|---|---|---|
| ஆல் இந்தியா ரேடியோ | மத்திய அரசு | அறிவிப்பு, மசோதா, தேதி, விவரம் | ஆளும் தரப்பின் தவறு | சாதாரண ரேடியோ |
| பிபிசி | உரிமக் கட்டணம், பிரிட்டிஷ் மானியம் | நாடுகளுக்கிடையிலான முடிச்சுகள் | நம் ஊர் நுணுக்கம் | ஆங்கிலம், நெட் |
| அமெரிக்கப் பொது வானொலி | நன்கொடை, புரவலர் | பொருளாதாரம் எப்படி இயங்குகிறது | அமெரிக்காவுக்கு வெளியே | ஆங்கிலம், பொறுமை |
| கடல் கடந்த தமிழ் | அந்தந்த அரசு, விளம்பரம் | தமிழில் உலகம் | தமிழ்நாடு | நெட் |

## யாருக்கு எது

ஆசிரியருக்கு: காலை ஆல் இந்தியா ரேடியோ தமிழ்ச் செய்தி, மாலை எஸ்பிஎஸ் தமிழ் அல்லது ஓர் இலங்கை நிலையம். ஆங்கிலத்துக்காக உடம்பைப் போட்டு வருத்திக்கொள்ள வேண்டாம். இந்தியாவில் பெரிய அரசியல் புயல் அடிக்கும் வாரத்தில் மட்டும் பிபிசி தமிழை வாசித்துக்கொள்ளுங்கள்.

தேர்வுக்குப் படிப்பவருக்கு: 'ஸ்பாட்லைட்', 'டுடே இன் பார்லிமென்ட்' இரண்டும் தினம். அரசின் நிலைப்பாடு என்ன என்று தேர்வில் கேட்பார்கள், அதை அரசின் வாயிலிருந்தே கேட்பது நல்லது. வாரம் ஒரு 'தி இன்கொயரி', மறுபக்கம் எழுதப் பழக. நேர்முகத் தேர்வு வரை போனால் விகிதத்தைத் திருப்பிப் போடுங்கள்.

திருப்பூர்க்காரருக்கு நான் எழுதியது: காலையில் கிளம்பும்போது பத்து நிமிடம் ஆல் இந்தியா ரேடியோ, வண்டி ஓட்டும்போது காதில் எதுவும் வேண்டாம், மேஜையில் உட்கார்ந்தபின் 'ப்ளேனட் மனி' டி-ஷர்ட் தொடர், அது முடிந்ததும் 'மார்க்கெட்ப்ளேஸ்' ஒரு நாள், 'பிஸினஸ் டெய்லி' ஒரு நாள். ஒரே நிலையத்தில் ஒரு மாதத்துக்கு மேல் தங்காதீர்கள் என்றும் சேர்த்திருந்தேன்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. ஆங்கிலம் முதல் வாரம் பாதிதான் பிடிபட்டதாம், இப்போது பரவாயில்லையாம். கூடவே ஒரு கேள்வி: "அண்ணா, வரி கட்டுறது அவங்க கம்பெனிதானாமே. அப்புறம் எதுக்கு எங்க முதலாளி வரியைக் காட்டி பீஸ் ரேட்டைக் குறைச்சாரு?"